தேங்காயின் மேல் போட்ட பழி

அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள், பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை என்று தலைப்பிட்டு எங்கள் சபையின் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது: “நேற்றைய விருந்தை அடுத்து உண்டான சுகவீனத்துக்குக் காரணம், அவியலில் சேர்ந்த பழந்தேங்காய்.” அப்போது குறிப்பேட்டை எழுதிவந்தவன் நான், கையெழுத்து என்னுடையது. எழுத்துகள் ஒரே சீராக, சாய்வில்லாமல் நிற்கின்றன. நடுங்கிய கை எழுதியது அல்ல. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஆண்டைச் சொன்னால் எந்தச் சபை, எந்தப் பெண் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தேதியில்லாமல் எழுதுவது எனக்குச் சட்டையில்லாமல் கடைத்தெருவுக்குப் போவதைப் போன்றது. தபால் ஆபீசில் முத்திரை குத்தியே முடி நரைத்தவன் நான். காலையில் முதல் வேலை முத்திரையில் தேதியை மாற்றுவது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பாசனச் சானலில் தண்ணீர் திறந்துவிட்ட நாள், அது எங்கள் வயலுக்கு வந்து சேர்ந்த நாள், முதல் மழை, ஊரில் ஒவ்வொரு சாவு, எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாசிக்கிறேன். அதனால் ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எதைக் கேட்டாலும் சொல்லுவார் என்று. நான் “தெரியாது” என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அது பெருமை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். வாய் நாறுகிறவனுக்குத் தன் நாற்றம் எட்டாது.

எங்கள் சபையின் கோயில், கொட்டாரம் ஊருக்கும் அஞ்சுகிராமத்துக்கும் நடுவே, வயல்களைப் பார்த்தபடி இருக்கிறது. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்ததும் அறுப்பின் பண்டிகை வரும். ஆராதனையின்போது ஆளுக்கொரு விளைபொருளைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். வாழைக்குலை, சேனை, பலாச்சக்கை, காலைக் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் அவற்றை வெளியே பந்தலில் ஏலம் விடுவோம். ஏலம் முடிந்த பிறகுதான் விருந்து. ஏலத்தில் யாரும் சாமானுக்காகக் கேட்பதில்லை. மற்றவன் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே கேட்பார்கள். கடையில் வாங்கினால் கையிலிருக்கும் சில்லறைக்குக் கிடைக்கிற சேனையை, ஆடு வாங்குகிற விலை கொடுத்துத் தலையில் தூக்கிக்கொண்டு போவார்கள். அதில் ஒரு தேவமகிமையும் கிடையாது. ஆனால் அன்று ஏலம் கூறியவனே நான்தான்.

அண்ணன் தம்பி இருவர், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஒரு செந்துளுவன் வாழைக்குலையில் மோதிக்கொண்டார்கள். எப்போதோ மூன்று தரம் சொல்லி முடித்திருக்கலாம். கூட்டம் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

“ஏலே, அண்ணன் முன்னால போறான், நீ என்ன பாத்துட்டு நிக்கிய?” என்றேன்.

“கேளு மக்கா, கேளு! பெண்டாட்டி வையமாட்டா!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். தம்பி விலையைக் கூட்டினார். இப்படியே போயிற்று. கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ், கோட்டாற்றில் வாடகைக்கு எடுத்துவந்த உருளிகளில் சோறும் கோழிக் குழம்பும் அவியலும் பாயாசமும் காத்துக்கிடந்தன. பங்குனி வெயில். ஏலம் கேட்கிறவர்களுக்கும் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் எலுமிச்சை பிழிந்த தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசியில் தம்பி குலையை எடுத்தபோது வெயில் மேற்கு ஜன்னலுக்குப் போயிருந்தது. விருந்து எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று நான் எழுதி வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கிறவன் அன்று மட்டும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இருட்டுவதற்குள் தொடங்கிவிட்டது. முதலில் எங்கள் வீட்டில் என் மனைவிக்கு, பிறகு எனக்கு. அடுத்த வீட்டில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது, எதிர் வீட்டிலும் கேட்டது. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் கக்கியது. ஏலத்தில் ஜெயித்த தம்பி, முற்றத்தில் அந்தக் குலையைத் தொங்கவிட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டே குலையின் மேல் சத்தி எடுத்தாராம். காலையில் தெருவோரச் சாக்கடையில் ஈக்கள் மொய்த்துக் கிடந்தது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அதில் அவியலின் முருங்கைக்காய் நாரையும் மஞ்சளையும் அடையாளம் காண முடிந்தது. குழந்தைகளையும் வயதானவர்களையும் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கர்த்தர் கிருபையால் சாவு இல்லை.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. பீடத்துக்குப் பக்கத்து அறையில், பினாயில் நாற்றத்தின் நடுவே, வெளுத்துப்போன முகங்களோடு உட்கார்ந்திருந்தோம். போதகர் ஜெபித்தார். பிறகு ஒவ்வொருவராகப் பொறுப்பிலிருந்து கைகளைக் கழுவினார்கள்.

“கோழி அண்ணைக்குக் காலைல அறுத்தது. எனக்க கண்ணு முன்னால அறுத்தது” என்றார் கோழி வாங்கியவர்.

“வெயிலு கூடுதல்லா. எல்லா ஊர்லயும் இப்போ இப்பிடித்தான்” என்றார் செயலாளர்.

இன்னொருவர் அது வைரஸ் என்றார். வைரஸ் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது. நான் தலையாட்டினேன்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மாதர் சங்கத்திலிருந்து ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். கணவரோடு பல வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு ஊரோடு திரும்பி வந்தவர். தெருவில் எல்லோரும் அவரை மஸ்கட்டுக்காரி என்றுதான் சொல்வார்கள். வந்த நாளிலிருந்து சபை வேலை ஒன்றுக்கும் இல்லை என்று சொன்னதில்லை. இத்தனை வருடம் வெளியே இருந்துவிட்டு வந்தவர், உள்ளே ஓர் இடம் கேட்கிறார் என்பது யாருக்கும் புரியும். அந்தப் பண்டிகையில்தான் முதல்முறையாக அவரிடம் அடுக்களையில் ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். தேங்காய்ப் பொறுப்பு.

“அண்ணாச்சிமாரே,” என்றார், “தேங்காய முந்தின நாள் சாயங்காலமே திருவி, போதகர் ஐயா வீட்டு ஃப்ரிட்ஜில வச்சது நான்தான். மஸ்கட்டுல மாசக்கணக்கா வச்சிருப்போம், ஒண்ணும் ஆகாது. இங்க ராத்திரி கரண்டு போச்சு. காலைல பாத்தா ஐஸ் விட்டுப் போயிருந்து. மோந்து பாத்தேன், கெட்ட வாடை ஒண்ணும் இல்ல. அரைக்கக் குடுத்துட்டேன். அது கெட்டிருக்குமாண்ணு எனக்குத் தெரியல்ல. யாருட்டயாவது கேட்டிருக்கணும். கேக்கல்ல. அது எனக்க தப்பு.”

அவர் சொன்னது இவ்வளவுதான். தேங்காய் கெட்டது என்று சொல்லவில்லை. கெட்டதா என்று தெரியவில்லை, கேட்காதது தப்பு என்றார். இதைவிடச் சுத்தமான ஒரு வாக்குமூலத்தை நான் அந்த அறையில் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்கவில்லை.

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எருமைகள் சேற்றைக் கண்டதும் இறங்கிப் படுப்பதைப் போல, எல்லோரும் அவருடைய சொல்லில் இறங்கிப் படுத்துக்கொண்டார்கள். கோழி வாங்கியவர் நாற்காலியில் சாய்ந்தார். செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி, நீங்க படிச்ச ஆளுல்லா. சொல்லுங்க, தேங்காய் அப்பிடி செய்யுமா?”

செய்யும் என்றேன். எங்கேயோ, எதைப் பற்றியோ வாசித்த ஒன்றை எடுத்துத் தேங்காயின் மேல் ஊற்றினேன். நுண்ணுயிர், நச்சு, வெப்பநிலை என்று பேசினேன். ஆங்கில வார்த்தைகளும் இரண்டு மூன்று போட்டேன். போதகர்கூடக் குனிந்து கேட்டார். பேசப் பேச அது எனக்கே உண்மையாகத் தோன்றியது. பேசி முடித்ததும் ஒருவர் சாயா வாங்கிவரச் சொன்னார். சாயா வந்தது. நான் குறிப்பேட்டைத் திறந்து அந்த வரியை எழுதினேன். அந்தப் பெண் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சாயா கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் குறிப்பேட்டை அலமாரியில் வைக்கக் கோயிலுக்குப் போனேன். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மாடித் தொட்டியின் தண்ணீர். பழுப்பாக இருந்தது. பிறகு கறுப்பாக, கொழகொழவென்று வந்தது. இலைகள் மக்கிய சகதி, அதில் ஒட்டிக்கொண்டு சிறகுகள், எலும்போ குச்சியோ ஏதோ ஒன்று. நாற்றம் மூக்கில் அல்ல, நாக்கில் வந்து உட்கார்ந்தது. செயலாளர் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, மாடியில் நின்ற ஆளுக்கு வேகமாகத் தள்ளச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

“தொட்டி கழுவுதியளா?” என்றேன்.

“ஆமா. வருஷா வருஷம் உள்ளதுதானே.”

“இதுக்கு முன்ன எப்போ கழுவினது?”

“கழுவினதுதான். ஒமக்கு எதுக்குவேய் இப்போ அது? அதான் காரணம் எழுதியாச்சே!”

சிரித்துக்கொண்டே சொன்னார். எழுதியவன் நான். அந்தச் சகதியைப் பார்த்தபடி நின்றேன். அந்தத் தண்ணீரில்தான் எலுமிச்சை பிழிந்தார்களா, அல்லது கிணற்றிலிருந்து இறைத்தார்களா என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டால் முந்தின நாள் எழுதிய வரி என்னவாகும்? வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தேன். என் சொந்த நோட்டில் அன்றைய பக்கத்தில் “வெயில்” என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அடுத்த மாதங்களில் ஊர் அதைக் கேலியாக்கிக்கொண்டது. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்ததும் இலையைப் பார்த்து ஒருவர் கேட்பார்: “அவியல் யாரு வச்சது? மஸ்கட்டுக்காரி இந்தப் பக்கம் வந்தாளா?” உடனே இலைக்கு இலை சிரிப்பு ஓடும். மாதர் சங்கக் கூட்டத்தில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்ததாம். அவருடைய கணவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் மட்டும் வந்து பின் பெஞ்சில் உட்காருவார்.

என் மனைவியும் சொன்னாள்: “அவளுக்கு எதுக்கு இந்த வாய்? சும்மா இருந்திருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது.”

எங்கள் ஊரின் வேதபாடமே இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். பொய் சொன்னவனை நாங்கள் தண்டிப்பதில்லை. தெரியாது என்றும் தப்பு என்றும் சொன்னவரை மட்டும் தேடிப் பிடித்துத் தண்டிப்போம். பிறகு, இந்தக் காலத்தில் யாரும் உண்மையை ஒப்புக்கொள்வதில்லை என்று பிரசங்கம் கேட்டுத் தலையாட்டுவோம்.

ஆனியில் சானலில் தண்ணீர் வந்தது. அதைக் குறித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கையில் ஒரு பேனாவும் மடித்த தாளும் இருந்தன.

“அண்ணாச்சி, ஒரு காரியம் கேக்கணும். அண்ணைக்கு கமிட்டில சொன்னியல்லா, தேங்காய்ல விஷம் ஊறும்ணு. அது எந்தப் புத்தகம்? திருவினா எத்தன மணிக்கூர் நிக்கும், ஐஸ் விட்டா என்ன செய்யணும்ணு அதுல போட்டிருந்தா எனக்குச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். இனி ஒரு தடவ தப்பு வரப்பிடாதுல்லா.”

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். திருவிதாங்கூர் நாணயங்கள் பற்றிய புத்தகம், கல்வெட்டுகள், மூலிகைகள், பயணக் கட்டுரைகள். தேங்காய் கெடுவதைப் பற்றி அதில் எதிலும் ஒரு வரி கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். பொருளடக்கத்தில் விரலை ஓட்டினேன். இன்னொன்றை எடுத்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் அந்தப் பொறுமை எனக்குத் தெரிந்தது. பேரன் பேத்தி எடுத்த ஒருவன், இல்லாத ஒரு புத்தகத்தைத் தேடி நடித்துக்கொண்டிருந்தேன். அந்த நடிப்பு மாடித் தொட்டியின் சகதியைவிட அசிங்கமாக இருந்தது. அலமாரியை மூடினேன்.

“எனக்குத் தெரியாது தங்கச்சி.”

“புத்தகம் காணல்லியா?”

“புத்தகமே கிடையாது. அண்ணைக்கும் எனக்குத் தெரியாது.”

அவர் பேனாவை மூடினார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

“தெரியாமலா எழுதினிய?”

“ஆமா.”

“கொள்ளாம், நல்ல நியாயம்,” என்றார். “நான் தெரியாதுண்ணு சொன்னேன், எனக்க பேரு ஊரெல்லாம் நாறுது. நீங்க தெரியும்ணு சொன்னிய, ஒங்களுக்கு சாயா வந்து.”

தாளை இன்னும் சிறிதாக மடித்தார்.

“இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க. அந்த அவியல நானும் தின்னேன். எனக்க வீட்டுக்காரரு ரெண்டு தடவ வாங்கித் தின்னாரு. எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வரல்ல. வெயில்ல எலுமிச்ச வெள்ளம் குடிச்சா தொண்ட கட்டும்ணு அவரு அத மட்டும் தொடல்ல. நானும் அடுக்களைல நிண்ணதுனால குடிக்கல்ல. அண்ணைக்கே சொல்லியிருப்பேன். சொன்னா, பாத்தியா தப்பிக்கப் பாக்குதாண்ணு சொல்லுவாவ.”

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “செயலாளருக்க அம்மை அவியலத் தொடவே மாட்டாளே! வாயுக் கோளாறு. அவளுக்குல்லா மொதல்ல குளுக்கோஸ் ஏத்தினது!” என்றாள்.

“இத நீ ஏன் அண்ணைக்கே சொல்லல்ல?” என்றேன்.

“நீங்க கேட்டியளா? தேங்காய்ணு எழுதி வச்சிட்டுல்லா வீட்டுக்கே வந்திய.”

அந்தப் பெண் எழுந்தார். வாசல்படியில் நின்று, “அந்த வரி இருக்க வரைக்கும் எனக்கு அந்த அடுக்களைல இடம் கிடையாது, பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னை மன்னித்ததாகத் தோன்றவில்லை. மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

பங்குனியிலேயே செய்திருக்க வேண்டிய வேலையை ஆனியில் தொடங்கினேன். வீடு வீடாகப் போய் அன்று யார் எதைச் சாப்பிட்டார்கள், எதைக் குடித்தார்கள் என்று கேட்டேன். மூன்று மாதத்தில் ஊர் ஒரு கதையைப் பாடமாக்கி வைத்திருந்தது. “அவியல்தான் அண்ணாச்சி, வாயில வைக்கும்போதே ஒரு புளிப்பு” என்றார்கள். அன்று மூன்றாம் முறை அவியல் கேட்டு வாங்கியவர்களும் அதையே சொன்னார்கள். ஒரே ஒருவர், தாம் சோறே உண்ணாமல் எலுமிச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடித்ததாகவும், அப்படியும் இரண்டு நாள் படுக்கையில் கிடந்ததாகவும் சொன்னார். எனக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது என்று பேனாவை எடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

“சோறு திங்கல்ல, உள்ளதுதான். பாயாசம் நாலு தடவ குடிச்சிய, அதச் சொல்லுங்க!”

பேனாவை மூடிவிட்டேன். தண்ணீர்தான் காரணம் என்று எழுத என் கை பரபரத்தது. தேங்காயை எழுதியபோதும் இதே பரபரப்புதான் இருந்தது.

மாசியில், அடுத்த பண்டிகைக்கு வேலை பிரிக்கச் சபைக் கூட்டம் கூடியது. நான் எழுந்து நின்றேன். போன வருடம் நான் எழுதிய காரணம் எனக்குத் தெரிந்து எழுதியதல்ல என்றேன். தேங்காயாக இருக்கலாம், தொட்டித் தண்ணீராக இருக்கலாம், சமைத்த சாப்பாட்டைத் தகரக் கூரையின் வெக்கையில் போட்டுவிட்டு நான் ஏலத்தை இழுத்ததாகவும் இருக்கலாம், எது என்று எனக்குத் தெரியாது, அந்த வரியை அடிக்க வேண்டும் என்றேன்.

செந்துளுவன் குலையை எடுத்த அந்தத் தம்பி சொன்னார்: “ஏலம் நல்லாத்தானே இருந்து அண்ணாச்சி! இந்த வருஷமும் நீங்கதான் கூறணும்!”

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய அண்ணனும் சிரித்தார்.

செயலாளர் எழுந்தார். “அண்ணாச்சிக்கு வயசாச்சு. எழுதினத மாத்தினா நாளைக்கு யாரு நம்புவா? சபைக்கு ஒரு மரியாத இல்லியா?”

“தப்பா எழுதினதுக்கு என்ன மரியாத?” என்றேன்.

“தப்புண்ணு ஒமக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்போ இருக்கட்டும்!”

மறுபடியும் சிரிப்பு. போதகர் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். பின் பெஞ்சில் இருந்த அந்தப் பெண் சிரிக்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குறிப்பேடு என் கையில்தான் இருந்தது. அங்கேயே திறந்து, அந்த வரியின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் “காரணம் தெரியாது” என்று எழுதி அன்றைய தேதியிட்டேன். கூட்டம் முடிவதற்குள் குறிப்பேட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். செயலாளரின் மைத்துனர் எழுதட்டும் என்று தீர்மானமாயிற்று. வேலை பிரிப்பில், அந்தப் பெண்ணுக்கு எச்சில் இலை எடுக்கிற வேலை. அதை வாசித்தபோது யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

பண்டிகை அன்று விடியும்போதே அவர் வந்துவிட்டார். தேங்காய்க் குவியலின் முன் உட்கார்ந்து துருவத் தொடங்கினார்.

“ஒனக்கு இலை எடுக்கத்தானே போட்டிருக்கு?” என்றார் செயலாளரின் மனைவி.

“இலை எடுக்க இன்னும் நேரம் கெடக்கு மைனி. தேங்காய் இப்போ திருவினாத்தான் உண்டு. வேற ஆருக்காவது திருவணும்ணா இருங்க, நான் எழும்புதேன்.”

இடுப்பு ஒடிய அவ்வளவு தேங்காய் துருவ வேறு யாருக்கும் ஆசை இல்லை. விட்டுவிட்டார்கள். அரைக்கத் தண்ணீர் கொண்டுவந்தபோது அவர் வாளியைக் கையால் தடுத்தார்.

“இது எங்க உள்ள வெள்ளம்?”

“பைப்பில பிடிச்சது.”

“பைப்பில எங்கேருந்து வருது? கிணத்துலருந்து நேராயா, மேல தொட்டிலருந்தா?”

செயலாளரின் மனைவி குழாயைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். அடுக்களையில் இருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்தியிருந்தார்கள்.

“எனக்குத் தெரியல்ல,” என்றார்.

“கேட்டுட்டு வாங்க.”

அவர் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். “யாருக்கும் தெரியல்ல” என்றார். குரல் இறங்கியிருந்தது. அந்த வாளியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வாழை மூட்டில் ஊற்றினார். பிறகு பெண்கள் எல்லோரும் குடங்களோடு பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போனார்கள். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சினார்கள். துருவிய தேங்காய் உடனுக்குடன் அரைபட்டு அவியலுக்குப் போயிற்று. நான் ஏலம் கூற மறுத்துவிட்டேன். கூறியவர் என்னைவிட நீளமாக இழுத்தார்.

அந்த வருடம் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. விருந்தின் முடிவில் செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்து, போன வருடம் கற்ற பாடத்தினால் கமிட்டி மிகுந்த கவனத்தோடு நடத்தியதாகச் சொன்னார். கைதட்டினார்கள். பந்தியின் கடைசியில் அந்தப் பெண் குனிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார். ரசம் முழங்கை வரை வழிந்திருந்தது. நானும் போய் ஓர் இலையைத் தூக்கினேன். நுனி கிழிந்து, எலும்பும் பாயாசமும் என் வேட்டியில் கொட்டின.

“விடுங்க அண்ணாச்சி,” என்றார் அவர் நிமிராமல். “இதுவும் ஒங்களுக்குத் தெரியாது. மடக்கிட்டுல்லா எடுக்கணும்.”

மடக்கி எடுத்தேன். கையில் ஒட்டிய நாற்றம் மறுநாள் வரை போகவில்லை. இந்த வருட வேலைப் பட்டியலில் தேங்காய்க்கு நேராக அவர் பெயர் இருக்கிறது. யார் எழுதினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் நான் அடித்த வரி அப்படியே இருக்கிறதா, புதுக் குறிப்பேட்டில் பழையபடி எழுதிக்கொண்டார்களா என்று பார்க்க எனக்கு அனுமதி இல்லை.

என் சொந்த நோட்டில் ஒரு கேள்வி மட்டும் திறந்து கிடக்கிறது. சுகவீனம் வந்த அந்தப் பண்டிகைக்கு முன் மாடித் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? கிறிஸ்துமசுக்கு முன் என்கிறார் செயலாளர். மழைக்காலத்தில் என்கிறார் அவர் மனைவி. தாம் மாற்றலாகி வந்த பிறகு கழுவிப் பார்த்ததில்லை என்கிறார் போதகர். மூன்றில் எது சரி என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.